வாடகைக்கு வீடு - விசாரணைக்குச் சாதி!

"வீடு வாடகைக்கு விடப்படும்" - நகரத்துத் தெருக்களில் நடப்போர் கண்ணில் நாள்தோறும் படும் பலகை இது. பலகையில் மூன்றே சொற்கள். பலகையைக் கண்டு படியேறிச் செல்வோரிடம் கேட்கப்படும் கேள்விகளோ, பலகையில் எழுதப்படாதவை. "எத்தனை பேர்?" என்பர் - முறையான கேள்வி. "என்ன வேலை?" என்பர் - தேவையான கேள்வி. பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, முகத்திலே ஒரு புன்சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க... நீங்க என்ன ஆளுங்க?" என்பர். அதுதான் உண்மையான கேள்வி. மற்றவை யாவும் அதற்கு முன்னுரை!

ஆள் என்றுதான் கேட்கின்றனர். எதிரே நிற்பது ஓர் ஆள் என்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கேட்கின்றனர்! மனிதரைக் கண்ட பிறகும் மனிதரைத் தேடும் இந்த விந்தையைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறோம். தெருவிலே நின்று வீட்டுக்காரர்களை ஏசுவதற்காக அன்று. நாமும் வீடு வாடகைக்கு விடுபவர்தாம். பலகையின் அந்தப் பக்கத்தில் உள்ள அச்சமும் கணக்கும் நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதுகிறோம்.

நம் தந்தையார் ரயில்வே பணிமனைத் தொழிலாளி. இரும்போடு முப்பதாண்டுகளுக்கு மேல் போராடி ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த தொகையில் 6 லட்சத்தை எடுத்து, 9 லட்சம் கடனும் வாங்கி, திருச்சியில் எங்கள் பழைய வீட்டின் மேல் ஒரு மாடிப் போர்ஷன் எழுப்பினார். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் சிறு வராந்தா. 2020-இல் வேலை முடிந்தது. "பையன் வாத்தியாராகட்டும், பெண் படிக்கட்டும், வாடகை வந்தால் கடன் அடையும்" - இதுவே அவருடைய ஐந்தாண்டுத் திட்டம்.

வாடகை வாங்குவோர் எல்லாம் மாளிகைவாசிகள் என்று எண்ணுவோர் உண்டு. மாளிகைவாசிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், கீழே தான் குடியிருந்து மேலே ஒரு குடும்பத்தை வைத்து, அந்த வாடகையிலே மருந்துச் செலவையும் கடன் தவணையையும் பார்க்கும் ஓய்வூதியக்காரரும், கணவனை இழந்த தாயும், நம் ஊர்களிலே ஏராளம். அவர்களுடைய கணக்கைச் சற்றுப் பாருங்கள்.

மாட வீடன்று, மாடி வீடு. மாத வாடகை 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1,08,000. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது! ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் ஆண்டுக்கு ஒரு மாதமேனும் வீடு சும்மா கிடக்கும் என்று வைத்தால், 9,000 போயிற்று. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், வெள்ளையடிப்பு, மோட்டார்ப் பழுது, கழிவுநீர்க் குழாய் அடைப்பு இவற்றுக்கெனச் சராசரியாக 18,000 போயிற்று. மிச்சம் 81,000. 9 லட்சம் கடனுக்கு நூற்றுக்கு 9 வீதம் வட்டி எவ்வளவு? அதே 81,000! ஆக, தொடக்க ஆண்டுகளில் வாடகை முழுவதும் வட்டிக்குச் சரி. முப்பதாண்டு வியர்வையின் விலையான 6 லட்சத்திற்கு ஒரு காசும் கிடையாது. இந்த நிலையில், குடியிருப்பவர் மூன்று மாதம் வாடகை தராமல் இழுத்தடித்தால், வீட்டுக்காரர் கைக்காசைப் போட்டுத் தவணை கட்ட வேண்டும்.

இதனால்தான் வீட்டுக்காரருக்கு அச்சம். அந்த அச்சம் பொய்யன்று. வாடகை நிற்குமோ, வீடு பாழாகுமோ, காலி செய்யச் சொன்னால் வழக்காகுமோ - இம்மூன்று அச்சங்களும் நியாயமானவை. ஆனால் அந்த அச்சத்துக்கு அவர் தேடும் மருந்து இருக்கிறதே, அதுதான் நம் வழக்குக்கு உரியது. நோய் பண நோய். மருந்தோ சாதி மருந்து! காய்ச்சலுக்குக் கயிறு கட்டுவது போன்றது இது.

எங்கள் வீட்டிலும் முதலில் கட்டியது கயிறுதான்.

2021-இல் நாம் கல்லூரி மாணவர். வீட்டு விவகாரம் பெரியவர்கள் கையில். உறவினர் ஒருவர் ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். "நம்ம ஆளுங்கதான். நல்ல குடும்பம். விசாரிக்கவே வேணாம்" என்றார். விசாரிக்கவில்லை. சாதி ஒன்று, உணவு முறை ஒன்று, குலதெய்வம்கூட ஒரே திசையில். ஆவணி மாதத்தில் நல்ல நாள் பார்த்து, இராகுகாலம் தவிர்த்து, பால் காய்ச்சிக் குடியேறினர். மூன்று மாத வாடகை 27,000 முன்பணம். ஒப்பந்தப் பத்திரம்? "நமக்குள்ள எதுக்குங்க பத்திரம்!" என்றது இரு தரப்பும்.

நான்கு மாதம் வாடகை வந்தது. ஐந்தாம் மாதம் "அடுத்த வாரம்" என்றார் அவர். அடுத்த வாரம், "அடுத்த மாதம்" என்றார். அடுத்த மாதம் மாடிக்கதவு மூடியே இருந்தது. தந்தையார் கேட்கத் தயங்கினார் - உறவு கெடுமே! உறவினர் கேட்கத் தயங்கினார் - தாம் அழைத்து வந்தவராயிற்றே! ஏழு மாதம் இப்படியே ஓடியது. 2022 நடுவில் ஓரிரவு, தெரு உறங்கிய பிறகு, ஒரு சிறு வண்டி வந்து நின்றது. காலையில் பார்த்தால் மாடி காலி. ஏழு மாத வாடகை 63,000. முன்பணம் 27,000 கழித்தால் இழப்பு 36,000. மின்கட்டணப் பாக்கி தனி.

பால் பொங்கியது, நல்ல நேரம் பார்த்தது, சாதி ஒத்திருந்தது. வாடகை மட்டும் வரவில்லை! சாதிச் சான்றிதழை வங்கியில் கொடுத்தால் காசாகாது என்பதை எங்கள் குடும்பம் 36,000 ரூபாய் கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்டது என்றா சொன்னோம்? இல்லை, அத்தனை விரைவில் இல்லை. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வீடு காலியானது ஆடி மாதத்தில். ஆடியில் எவரும் குடிபோகார் என்று பலகையே மாட்டப்படவில்லை. ஆவணியில் பலகை மாட்டினர். வந்தவர்களில் ஒருவர் இஸ்லாமியர். "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று பொய் கூறி அனுப்பப்பட்டார். ஒருவர் தனியே வாழும் பெண், ஒரு நிறுவனத்தில் கணக்கர். "ஃபேமிலிக்குத்தான் குடுக்கிறோம்" என்று அனுப்பப்பட்டார். ஒரு குடும்பம் "சைவமா?" என்ற கேள்வியில் தோற்றது. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் கறி மணக்கும் என்பதை இங்கே அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்! தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலோர் புலால் உண்போர். புலால் உண்போரே வாடகைக்கு வருவோரிடம் "சைவமா?" என்று கேட்கின்றனர் என்றால், அது உணவு பற்றிய கேள்வியா? அன்று. சாதியை நேரே கேட்க நாணுவோர் சோற்றுத்தட்டின் வழியாகக் கேட்கின்றனர், அவ்வளவே.

புரட்டாசி வந்தது, "புரட்டாசியில் வீடு மாறுவாங்களா?" என்றனர். ஐப்பசியும் போயிற்று. நான்கு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. நான்கு ஒன்பது முப்பத்தாறு - மீண்டும் 36,000! சாதி பார்த்து விட்டதில் ஒரு 36,000; சாதி பார்த்து விடாததில் மற்றொரு 36,000. மொத்தம் 72,000. இதில் நட்டத்தைத் தவிர எந்தப் பாதுகாப்பைக் கண்டோம்?

அந்தக் கார்த்திகையில், பட்டமும் பெற்று ஆசிரியர்ப் பணியிலும் சேர்ந்திருந்த நாம், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தந்தையார் முன் வைத்தோம். கொள்கை பேசவில்லை, கூட்டலும் கழித்தலும் மட்டுமே. தொழிலாளிக்குக் கணக்குப் புரியும். நெடுநேரம் தாளைப் பார்த்தவர், "இனிமே நீயே பாத்துக்கப்பா" என்றார்.

* * *

டிசம்பரில் ஓர் இளம் இணையர் வந்தனர். அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் பணி; அவருடைய துணைவியார் செவிலியர். வீட்டைப் பார்த்தனர், பிடித்திருந்தது. வாடகை பேசினோம். பிறகு அந்த இளைஞர், நாம் கேட்காமலே, தம் சாதியைச் சொன்னார். துணைவியாரின் சாதியையும் சொன்னார். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் என்றும் சொன்னார்.

"இதை நாங்கள் கேட்கவில்லையே" என்றோம்.

"கேக்கலைதான் சார். ஆனா பின்னால தெரிஞ்சு, சாமானையெல்லாம் எறக்கி வச்ச பிறகு போகச் சொல்றதுக்கு, இப்பவே சொல்லிட்டா எங்களுக்கும் வண்டி வாடகை மிச்சம். இது பதினோராவது வீடு சார்" என்றார்.

அவர் குரலில் சினமில்லை, அழுகையுமில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பவர்போல் சொன்னார். அதுதான் நம்மை வாட்டியது. 1967-இல் தமிழகச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. மேடையிலே மாலை மாற்றிய அந்த இணையர் வாழ ஒரு கூரை வேண்டாமா? திருமணம் செல்லும் என்றது சட்டம். "செல், செல்" என்கிறது தெரு! வாழ்த்துரை வழங்க வரிசையில் நின்றோர் எத்தனை பேர். வாடகைக்கு வீடு வழங்க வந்தோர் எத்தனை பேர்?

ஒப்பந்தம் எழுதினோம். குடிவந்தனர் - மார்கழியில்! மார்கழியில் குடியேறினால் கேடு வரும் என்று தெரு சொன்னது. பனிதான் வந்தது.

எதிர்ப்பு வராமலில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், நம்மைச் சிறு வயதில் தோளில் தூக்கியவர், ஒரு மாலையில் வந்தார். "தம்பி, நீ படிச்சவன். ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல. தெருவுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். "தெரு இருக்கிறது ஐயா, அவர்கள் வாடகை கொடுப்பது வீட்டுக்கு" என்றோம். அவர் மூன்று மாதம் நம்முடன் பேசவில்லை.

அதனினும் கடினமானது வீட்டுக்குள் இருந்தது. தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று எவர் வாயிலாகவோ அறிந்து, வராமல் நின்றுவிட்டது. தாயார் ஒரு வாரம் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏச்சைத் தாங்கலாம், தாயின் மௌனத்தைத் தாங்குவது எளிதன்று. தங்கைதான் அந்த மௌனத்தை உடைத்தாள். "அம்மா, மாடியில யாரு இருக்காங்கன்னு பாத்து என்னை வேண்டாம்னு சொல்றவங்க, நாளைக்கு அங்க நான் என்ன பேசணும், யாரோட பழகணும்னும் சொல்வாங்க. வாசலோட போனாங்களே, நல்லதுன்னு விடு" என்றாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாடிக்குக் கொஞ்சம் முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினார். தீர்மானம் நிறைவேறியது என்று அதற்குப் பொருள்!

இனி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதி ஒழிப்புக் கதை எழுதுவோர் சிலர், ஒடுக்கப்பட்டோரை எல்லாம் குறையற்ற குணக்குன்றுகளாகத் தீட்டி, "பாருங்கள், இவர்கள் எத்தனை நல்லவர்கள்! ஆகவே வீடு கொடுங்கள்" என்பர். அந்த வாதம் நமக்கு உடன்பாடன்று. மாடியில் குடியிருந்தோர் மனிதர்கள். மனிதருக்குரிய குறையும் நிறையும் உடையவர்கள். வாடகை மாதந்தோறும் ஐந்தாம் நாளுக்குள் வந்தது. ஆனால் சலவை இயந்திரத்தின் நீர் இருமுறை வழிந்து எங்கள் கூடத்தின் கூரையில் வரைபடம் போட்டது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. சுவருக்குள் ஓடும் குழாய் வெடித்தபோது, செலவு யாருடையது என்பதில் எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் சூடான வாதம். வாதம் முடிந்தது எப்படி? சாதியாலா? சாத்திரத்தாலா? சட்டப் புத்தகத்தைத் திறந்ததால் முடிந்தது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் - நில உரிமையாளர், குத்தகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் - 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. எந்தப் பழுது யார் செலவு என்பதற்கு அட்டவணையே உண்டு. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி மாற்றம் வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்சு, உடைந்த கண்ணாடி, சாக்கடைத் துப்புரவு குடியிருப்பவர் பொறுப்பு. அட்டவணைப்படி, குழாய்ச் செலவு 4,200-ஐ நாம் ஏற்றோம். கண்ணாடியை அவர்கள் மாற்றினர். வாதம் முடிந்தது, தேநீர் வந்தது.

இரண்டாண்டுக்குப் பின் பணிமாற்றம் காரணமாகச் சொல்லிக்கொண்டே போயினர். போன வாரத்திலேயே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கூரையில் போட்ட வரைபடத்துக்கு வெள்ளையடித்த செலவில் ஒரு பங்கை, நாம் கேட்குமுன் அவர்களே கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினோராவது வீடு அவர்களுக்கு அவ்வளவுதான் செய்தது, மனிதர்களாக நடத்தியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை; அதற்குக் கீழே போகவுமில்லை.

* * *

2025 முதல் குடியிருப்பவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் நம் பேனா ஓரஞ்சாயும். அவர் நம் தோழர்! கூட்டங்களில் முழங்குவார், கறுப்புச் சட்டை அணிவார், கடவுளை மறுப்பார். கடவுளோடு ஒப்பந்தத்தையும் மறுத்தார்! "தோழர்களுக்குள் பத்திரம் எதற்குத் தோழர்?" என்றார். முன்னர் ஒருமுறை "நமக்குள்ள எதுக்குங்க பத்திரம்" என்ற குரல் எங்கள் வீட்டில் ஒலித்தது நினைவுக்கு வந்தது. அன்று சாதி உறவு பேசியது, இன்று கொள்கை உறவு பேசியது, சொல் ஒன்றுதான். "தோழர் என்பதால்தான் பத்திரம் வேண்டும். பணத்தால் தோழமை கெடக் கூடாதல்லவா?" என்றோம். கையெழுத்திட்டார்.

ஒருமுறை இரண்டு மாத வாடகை நின்றது. சட்டப்படி, அறிவித்த பின்னும் இரண்டு மாத வாடகையைச் செலுத்தாதது வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். எழுத்தில் அறிவித்தோம். "உங்களுக்கும் முதலாளிப் புத்தி வந்துவிட்டதே!" என்றார். "கடன் தவணைக்குக் கொள்கை தெரியாது தோழர்" என்றோம். பாக்கியைச் செலுத்தினார். இப்போதும் மாடியில்தான் இருக்கிறார். மாலையில் பெரியாரைப் பற்றிப் பேசுகிறோம், ஐந்தாம் தேதி வாடகையைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

மூன்று குடும்பங்கள், மூன்று வகை. சாதி பார்த்து வந்தவர் ஏமாற்றினார். சாதியால் விரட்டப்பட்டவர் முறையாக நடந்தார், ஆனால் கூரையை நனைத்தார். கொள்கை பேசி வந்தவர் தாமதித்தார். இதிலிருந்து நாம் கண்டது என்ன? நம்பிக்கையைச் சாதியில் தேடாதே, சமயத்தில் தேடாதே, சட்டையின் நிறத்திலும் தேடாதே! வேலையை விசாரி, வருவாயை விசாரி, முன்பு குடியிருந்த வீட்டாரிடம் கேள், எழுத்தில் எழுது, ரசீது கொடு, பழுதைப் பார். வீட்டுக்காரருக்கு வேண்டிய பாதுகாப்பு முழுவதும் இவற்றில் உண்டு. சாதிக் கேள்வியில் உள்ள பாதுகாப்பு - துளியும் இல்லை.

"சரி, ஒருவேளை சாதி பார்ப்பதால் வாடகை ஒழுங்காக வருவதாகவே இருந்தால்?" என்று கேட்கும் கெட்டிக்காரரும் இருப்பர். அப்போதும் கேட்கலாகாது என்பதே நம் விடை. கணக்கு, அச்சத்தைப் போக்கத்தான் பயன்பட்டது. மானம் கணக்குக்கு அப்பாற்பட்டது.

1917-ஐ எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா அரசின் பணியை ஏற்கச் சென்றார். அந்நகரில் தங்க அவருக்கு ஓரிடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைச் சூடித் தங்கினார். சில நாளில் உண்மை தெரிந்தது. தடியேந்திய கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறு என்றது. நண்பர் இருவரும் தம் வீட்டில் இடமளிக்கவில்லை. பொதுப் பூங்காவில் பல மணி நேரம் காத்திருந்து, பம்பாய் ரயிலேறினார். பின்னாளில் நாட்டின் அரசியலமைப்பை வரையும் குழுவுக்குத் தலைமை தாங்கிய அறிவாளிக்கு, ஒரு நகரத்தில் ஓர் அறை இல்லை! அவரிடம் பணமில்லை என்றா? பட்டமில்லை என்றா? "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இருந்தது, அதனால் அறை இல்லை.

1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. தந்தை பெரியார் அங்கே சென்று இருமுறை சிறைப்பட்டார். நூறாண்டு கடந்தது. தெருவில் நடக்கலாம் - இன்று எவரும் தடுப்பதில்லை என்று பெருமை பேசும் தெருக்கள் பல உண்டு. அதே தெருவில் குடியிருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்! நடக்க விட்ட தெரு, நிற்க விடவில்லை. நிற்க விட்ட தெரு, உறங்க விடவில்லை.

அரசு ஒரு வழி காட்டியது. 1997-இல் அறிவிக்கப்பட்டு, 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். ஊர் ஒன்றுக்கு 100 வீடுகள். ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. அடுத்தடுத்த வீடுகளில் கலந்து வாழும் ஏற்பாடு. அரசு கட்டித் தரும் ஊரில் அது இயலும். ஆனால் நகரத்தின் மாடிப் போர்ஷன்களை அரசு கட்டவில்லையே! அவை உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அல்லவா இருக்கின்றன?

சட்டம் முற்றும் கைவிட்டதா? இல்லை. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என வந்து, 1976-இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறிய சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு பெறுவதையும் அதில் வாழ்வதையும் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்ற பொய்யை எந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது? அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை இவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வீட்டு வாடகை அந்தப் பட்டியலில் இல்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணத்தையும் பழுதையும் பேசுகிறது; "என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைப் பேசவில்லை. பேச வைப்பது நம் இயக்கத்தின் கடமை. அந்த நாள் வரும்வரை, சட்டம் எட்டாத அந்த வாசற்படியில் காவல் நிற்க வேண்டியது நம் மனச்சான்று.

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று வாடகைக்கு இருப்பவர்கள். நாளை கடன் வாங்கி வீடு கட்டுவீர்கள். உங்கள் பெற்றோர் இன்றே ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கக் கூடும். அந்த வீட்டின் விசாரணையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாதியையும் சமயத்தையும் கேளாதீர். சோற்றுத்தட்டின் வழியாகவும் கேளாதீர். தனித்து வாழும் பெண்ணை ஐயத்தோடு நோக்காதீர். ஆணிடம் கேளாத கேள்வியை அவரிடமும் கேளாதீர். ஆடி, மார்கழி என்று வீட்டைப் பூட்டி வைக்காதீர். வட்டிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்யுங்கள். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது சட்டம். பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கத்தை உங்கள் வாசலிலாவது நிறுத்துங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கணக்குப் பார்த்து அதைத் திருப்பிக் கொடுங்கள். சினம் வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்காதீர். அது சட்டத்துக்கும் விரோதம், மனிதத்துக்கும் விரோதம்.

வாடகைக்கு இருப்போருக்கும் ஒரு சொல். வீட்டுக்காரர் எல்லாம் சுரண்டுவோர் என்று கருதி வாடகையை இழுத்தடிப்பது புரட்சியன்று. அடுத்து வீடு தேடி வரும் ஏழைக்குக் கதவை மூடும் வேலை அது. ஒருவர் ஏமாற்றினால், பத்துப் பேர் ஐயத்துக்கு ஆளாகின்றனர். அந்த ஐயம் எப்போதும் முதலில் பாய்வது எளியோர் மீதுதான்.

சாதியை ஒழிக்க மாநாடு வேண்டும், மறுக்கவில்லை. ஊர்வலம் வேண்டும், முழக்கம் வேண்டும், சட்டம் வேண்டும். ஆனால் மாநாட்டுப் பந்தல் மூன்று நாளில் பிரிக்கப்படும்; வீட்டுக் கூரை முப்பது ஆண்டு நிற்கும். அந்தக் கூரையின் கீழ் யார் யார் உறங்கலாம் என்ற முடிவு, உங்கள் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தில் இருக்கிறது. சாவி உங்களுடையது. அது எந்தக் கேள்விக்குத் திறக்கும் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்!